முதல் ஊசி எந்தக் குடிக்கு?

மாமா எழும்பினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து ஓர் உதறு உதறி, திரும்பத் தோளிலே போட்டார். மண்டப வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

பின்னால் பிளாஸ்டிக் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. மண்டபத்தின் வலது பக்கம் இருந்த அத்தனை பேரும் எழும்பிவிட்டார்கள். கிழவர்கள், பிள்ளைத் தாய்மார், வயல் வட்டையில் வேலையை விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்திருந்த ஆண்கள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு முணுமுணுத்தபடி போனார்கள்.

கடைசியாக எழும்பியவள் என் அக்கா சுகந்தி. ஏழு மாத வயிறு. கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழும்பி என்னைப் பார்த்தாள். நான் ‘இரு’ என்று கையைக் காட்டினேன். அவள் மாமாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு அவளும் போய்விட்டாள்.

எங்கள் குழுவின் தலைவன் ஹர்ஷன் என் காதருகே வந்து, “என்ன, இந்த ஆக்களுக்கு ஊசிக்குப் பயமா?” என்று கேட்டான். அவனை அந்த இடத்திலேயே கடித்துத் துப்பியிருப்பேன். இருநூறு தரம் சொல்லியிருப்பேன் அவனுக்கு, இந்த ஊரில் யாரையும் முதலாவதாகக் கூப்பிடாதே என்று.

மேசையில் குளிர்ப்பெட்டி திறந்து கிடந்தது. மிட்வைஃப் மிஸ் ஒரு குப்பியைத் திறந்துவிட்டார். திறந்தால் சில மணி நேரத்துக்குள் ஆட்களுக்கு ஏற்றி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீசத்தான் வேண்டும். அவர் குப்பியைப் பார்த்தார், காலியான கதிரைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் இந்த ஊர்க்காரி என்பது அவருக்குத் தெரியும்.

சமத்துவத்துக்கு ஒரு ரீசேட்

அந்தத் திட்டம் பிழையான திட்டம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கூடப் படித்தவர்கள் போன வாரம் போல இந்த வாரமும் ஃபோன் எடுத்துச் சண்டைக்கு வருவார்கள். (ஹொஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கே அவ்வளவு பேச்சு.)

பெருந்தொற்றுக் காலம் அது. பஸ் இல்லை, கடை இல்லை, பயணத்தடை போடுவதும் எடுப்பதுமாக இருந்தது. மட்டக்களப்பு டவுன் பக்கம், அதாவது எழுவான்கரையில், ஆட்கள் இரண்டாவது ஊசியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரையில், எங்கள் ஊர்களில், முதல் ஊசியே வந்து சேரவில்லை. நடுவில் கிடப்பது வாவிதான், கடல் இல்லை. ஆனால் எங்களை ஏற்றி இறக்கும் மிதவையை, நாங்கள் ‘பாதை’ என்று சொல்வோமே, அதைப் பயணத்தடை என்று கரையில் கட்டிப்போட்டுவிட்டார்கள். பாதை ஓடாவிட்டால் படுவான்கரை தனி உலகம். உலகமே முடங்கிக் கிடந்த நேரத்தில் எங்களை யார் நினைக்கப்போகிறார்கள்?

மருத்துவ மாணவர்கள் நினைத்தோம். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். சுகாதாரப் பகுதியோடு கதைத்து, ஆட்களைத் தேடிப் போய் ஊசி போடுவதென்று முடிவாகியது. ஊசி போடுவது நேர்ஸ்மாரும் மிட்வைஃப் மிஸ்ஸும். வீடு வீடாகப் போய்ச் சொல்வதும், பதிவதும், ஊசி போட்டவர்களைக் கொஞ்ச நேரம் இருத்திவைத்துப் பார்ப்பதும் நாங்கள்.

இதற்கு என்ன வேண்டும்? தண்ணீர்ப் போத்தலும் நல்ல செருப்பும் போதும். எங்கள் ஆட்களுக்கோ முதலில் ரீசேட் வேண்டியிருந்தது. என்ன நிறம் என்று வட்ஸ்அப்பில் ஒரு கிழமை சண்டை. முதுகில் ‘சுகாதார சமத்துவம்’ என்று அடிப்பதா, ‘அனைவருக்கும் சுகாதாரம்’ என்று அடிப்பதா என்று இன்னொரு கிழமை. அதற்கிடையில் ஒரு நாடகமும் எழுதினார்கள். கிருமி வேஷம் போட்டவன் தலையில் மரக்கறிக் கூடையைக் கவிழ்த்து, அதில் பல் பிரஷ்களைக் குத்தியிருந்தான். எங்கள் ஊரில் அதைப் பார்த்த ஒரு பெரியவர், ஆருட வீட்டுக் கூடை கா அது, பிறகு குடுத்திருவீங்களா என்று என்னிடம் கேட்டார்.

ஹர்ஷனை நான் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன்தான், ஆனால் அவன் நல்லவன். கொழும்பில் படித்தவன், கூட்டம் நடத்தத் தெரிந்தவன், பசி தூக்கம் பார்க்காமல் வேலை செய்பவன். அவனுடைய ஒரே குறை, எதையும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பிறகு தான் நினைத்ததையே செய்வது. இது எங்கள் மாமாவுக்கும் உள்ள குறை. இரண்டு பேரும் ஒரே கிழமையில் என் தலையில் வந்து விடிந்தார்கள்.

எனக்கு ஏன் அவசரம்

அந்த மாதம் எனக்குப் பிரசவ வார்ட்டில் வேலை. அங்கே ஒரு பெண் வந்தாள். பெயரை எழுத மாட்டேன். அவளுக்கும் ஏழு மாதம். இருமலோடு நடந்து வந்தவள், என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். மூன்றாம் நாள் அவளுக்கு ஒட்சிசன் போதவில்லை. அதன் பிறகு அவள் கதைக்கவில்லை. தாயும் போய், பிள்ளையும் போய்விட்டது. அவளுடைய புருஷன் ஆஸ்பத்திரிப் படலைக்கு வெளியே நின்றான், உள்ளே விட ஆளில்லை.

அவள் ஊசி போட்டிருக்கவில்லை. அவள் ஊருக்கு ஊசி வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கும் போடலாம் என்று அறிவித்துவிட்டார்கள், நம் ஊருக்கு நானே கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் ஒருவரையும் வீட்டுக்குள் விடாதே என்று சொன்னேன். அக்காவும் சரி என்றாள். அத்தான் கட்டாரில். அம்மா இல்லை. வீட்டில் அவள் தனியேதான் இருந்தாள். தினம் காலையில் மாமா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார், அவரை மட்டும் தடுக்க முடியாது என்றும் சொன்னாள்.

தடுக்க முடியாதுதான். மாமா என்றால் சும்மா மாமா இல்லை.

குடி என்றால்

மட்டக்களப்பாருக்கு இது தெரியும், அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்களில் ஆட்களெல்லாம் குடி குடியாக இருப்பார்கள். குடி தாய் வழியாக வருவது. அப்பாவின் குடி எங்களுக்கு இல்லை, அம்மாவின் குடிதான். ஒரே குடிக்குள் கலியாணம் கட்டக்கூடாது. வீடும் பெண்ணுக்குத்தான், கலியாணம் கட்டிய ஆண் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர் இருப்பார், குடியின் சார்பில் கோயில் காரியம் பார்ப்பவர். வண்ணக்கருக்குப் பிறகு அவருடைய மகன் வர முடியாது, ஏனென்றால் மகன் வேறு குடி. சகோதரியின் மகன்தான் வர வேண்டும்.

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், எங்கள் குடிக்கு வண்ணக்கர். அவர் இருப்பது மாமியின் வீட்டில். மாமி மற்றக் குடி. அந்த மற்றக் குடிக்கு வண்ணக்கர் யார் தெரியுமா? மாமியின் அண்ணன் தம்பிராசா. அதாவது எங்கள் மாமாவின் மச்சான்.

இந்த இரண்டு குடிக்கும் இடையில் எது முதற்குடி என்பது ஊர் உண்டான நாள் முதல் தீராத வழக்கு. வீட்டில் மச்சானும் மச்சானும் ஒரே சட்டி மீன்குழம்பில் சோறு பிசைந்து சாப்பிடுவார்கள். கோயில் வாசலைத் தாண்டிவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு வருடம் கண்ணகை அம்மன் சடங்கில் வெற்றிலைத் தட்டு தம்பிராசா வண்ணக்கரிடம் அரை நொடி முந்திப் போய்விட்டது. சடங்கு நின்றது, பொலிஸ் வந்தது, அம்மனுக்குப் பொங்கிய பொங்கல் ஆறிக் களியானது. நாங்கள் பிள்ளைகள் பசியில் அழுததுதான் எனக்கு ஞாபகம்.

அதன் பிறகு ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. இரண்டு தட்டு, இரண்டு ஆள். மேளம் ஒரு தட்டுத் தட்டியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நீட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சண்டை இல்லை.

இதையெல்லாம் நான் ஹர்ஷனுக்கு விளக்கமாகச் சொன்னேன். படம் கீறிக்கூடச் சொன்னேன். ஒன்றில் ஒருவரையும் முதல் என்று கூப்பிடாதே, வந்த வரிசையில் போடு. அல்லது இரண்டு கதிரை, இரண்டு நேர்ஸ், ஒரே நேரம். அவனும் ஓம் ஓம் என்று தலையை ஆட்டினான்.

பொன்னாடை

அன்று காலை மண்டபத்துக்குள் நுழைகிறேன், நடுவில் ஒரே ஒரு கதிரை. அதற்கு வெள்ளைத் துணி விரித்து, பின்னால் பனர் கட்டியிருக்கிறார்கள். ஹர்ஷன் மைக்கைப் பிடித்துவிட்டான். சமூகத்தின் நம்பிக்கையைப் பெறுவதென்றால் சமூகத் தலைவர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம், அது எங்கேயோ படித்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடுவதற்குள், “கிராமத்தின் முதல் ஊசியைப் பெற்றுக்கொள்ளப் பெரியவர் தம்பிராசா வண்ணக்கரை அழைக்கிறோம்” என்று சொல்லிவிட்டான். அதோடு பொன்னாடையும் போட்டான். பிறகு கைதட்டச் சொன்னான்.

ஏன் தம்பிராசாவை என்று பிறகு கேட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தாராம், நடக்க லேசாம்.

அவருடைய குடி இருந்த இடது பக்கம் கைதட்டியது. வலது பக்கம் என்ன செய்தது என்று முதலிலேயே எழுதிவிட்டேன். ஊசிக்குப் பயந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் நாங்கள் நாடகம் போட்டோம். பிள்ளை பிறக்காதாம், இரண்டு வருடத்தில் ஆள் முடிந்துவிடுமாம் என்றெல்லாம் உலாவிய கதைகளுக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தோம். அந்தப் பதிலை ஒருவரும் கேட்கவில்லை. ஊசி நல்லதென்று எல்லோருக்கும் தெரிந்துபோய்விட்டது, அதனால்தான் அது முதலில் யாருக்கு என்று கேட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிய கதைதான்.

மத்தியானத்துக்கு முன் மாமாவின் சொல் ஊருக்குள் வந்துவிட்டது. அந்த மண்டபத்தில் நம்மட குடி ஆள் ஒருவரும் ஊசி போடக்கூடாது. போட்டால் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குக் குடி வராது.

இதில் எனக்கு வயிறு எரிந்த விஷயம் ஒன்று உண்டு. மாமி அன்று காலையிலேயே, அண்ணனுக்குப் பின்னால் நின்று, ஊசி போட்டுவிட்டார். மாமாவின் மூன்று பிள்ளைகளும் போட்டுவிட்டார்கள். அவர்கள் மாமியின் குடி அல்லவா, அவர்களுக்குத் தடை இல்லை. தன் வீடு முழுக்கப் பாதுகாப்பாக்கிவிட்டு, என் அக்காவைப் போடாதே என்று சொல்லுகிறது இந்த மனிசன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், எங்கள் ஊரில் கொண்டாட்டம் கிருமிக்குத்தான்.

பழக்கூடை போன வீடு

ஹர்ஷனுக்கு விஷயம் விளங்கியதும் முகம் கறுத்துப்போனது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றான். நல்ல மனசு. நான் பதிவு வேலையில் இருந்த நேரம் பார்த்து, எங்கேயோ பிடித்து ஒரு பழக்கூடையும் வாங்கி, மாமாவின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டான்.

போன இடம் மாமியின் வீடு. அங்கே மாமா வெறும் புருஷன். அந்த வீட்டில் அவருக்கு எந்தக் குடியும் இல்லை, வண்ணக்கர் பதவியும் இல்லை, சாய்மனைக் கதிரை ஒன்றுதான் உண்டு. போதாததற்கு அந்த நேரம் தம்பிராசா வண்ணக்கர் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் ஹர்ஷன், ஐயா, உங்களையும் கூப்பிடாமல் விட்டது எங்கள் பிழை, அடுத்த முறை உங்களுக்கு இரண்டாவது ஊசி என்று சொல்லியிருக்கிறான்.

இரண்டாவது.

மாமா கூடையைத் திருப்பி அனுப்பவில்லை, அது எங்கள் வழக்கமில்லை. பழத்தை மாமி வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார், தம்பிராசா வண்ணக்கர் ரசித்துச் சாப்பிட்டார் என்று மாமாவின் கடைசி மகள் எனக்குச் சொன்னாள். மாமா மட்டும் எழும்பி வாவிக்கரைப் பக்கம் போய்விட்டாராம்.

வண்ணக்கரிடம் கேட்பதென்றால் குடிப் பெண்ணின் வீட்டில், அதாவது அக்கா வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும். இதை நான் ஹர்ஷனுக்குச் சொல்லியிருக்க மாட்டேனா? சொன்னேன், படத்தில் அம்புக்குறி போட்டுச் சொன்னேன்.

அன்று பின்னேரம் மிட்வைஃப் மிஸ் மிச்ச மருந்தைக் கொட்ட விடவில்லை. கரடியனாற்றுப் பக்கத்திலிருந்து விறகு ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை மறித்து, அதில் வந்தவர்களை இறக்கி ஊசி போட்டு அனுப்பினார். ஒரு குடிச் சண்டையால் யாரோ முன்பின் தெரியாத ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள், அதுவும் நல்லதுதான்.

அடுத்த கிழமை இன்னொரு நாள் இதே ஊரில் போடுவதாக ஏற்பாடு இருந்தது. அதற்கு மேல் இல்லை, குழு வேறு ஊருக்குப் போய்விடும்.

அக்கா வாய் திறந்தாள்

அந்தக் கிழமை முழுக்க நான் மாமாவிடம் கெஞ்சினேன். வார்ட்டில் போன பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அழுதேன். கோபத்தில் ஒரு நாள் செம்பைப் போட்டு உடைக்கப் பார்த்தேன், அது பித்தளை, உடையவில்லை. மாமா எல்லாவற்றையும் கேட்டார். புள்ள, உண்ட படிப்பு எனக்கு விளங்குது, ஆனா நான் வாயால ஒண்டு சொல்லிப்போட்டன் என்றார். அவருக்கும் அக்காவின் வயிற்றைப் பார்க்கப் பயம் இருந்தது, எனக்குத் தெரியும். போகும்போது பார்த்துப் பார்த்துப் போவார். இருந்தும் வாய் சொன்னதை மாற்றாதாம். அந்த வாயில் கொள்ளியை வைக்க என்று நான் மனதுக்குள் திட்டினேன்.

அக்காவும் எனக்கு எரிச்சலைக் கிளப்பினாள். ஏன்டி பேசாமல் இருக்கிறாய், எழும்பி வா, நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றால், தலையைக் குனிந்துகொள்வாள். பிள்ளை பிறக்கும்போது குடி வராவிட்டால் நான் தனியே என்ன செய்வேன், நீ வார்ட்டில் நிற்பாய், அவர் கட்டாரில் நிற்பார் என்பாள். அதுவும் உண்மைதான்.

ஊசி போடும் நாள் காலை. மாமா வழக்கம்போல வந்து தேத்தண்ணிக்கு இருந்தார். அக்கா கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, நம்மட குடி ஆரால வருது?”

“இதென்ன கேள்வி. பொம்புளயாலதான்.”

“நம்மட வயித்துவாரில அம்மாவும் இல்ல. இவள் படிச்சு முடிச்சுக் கலியாணம் கட்டுறது எப்பவோ. இப்ப மிச்சம் கிடக்கிறது என்ட வயித்துக்குள்ளதான் கிடக்கு.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “ஆம்புளப் புள்ளயெண்டா உங்களுக்குப் பிறகு அவன்தான் வண்ணக்கர். பொம்புளயெண்டா அந்த வண்ணக்கரப் பெத்துத் தாறவள். இது போயிட்டா நீங்க ஆருக்காகச் சண்டை பிடிக்கிறீங்க?”

வயிற்றுவார் என்றால் ஒரே வயிற்று வழியாக வந்தவர்கள், குடிக்குள் எங்கள் கிளை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் பெரிய காரியம் கதைக்கும்போது மட்டும்தான் எடுப்பார்கள். அக்கா வாயிலிருந்து நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். இந்த ஐந்து வருடம் நான் படித்த படிப்பில் இப்படி ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லையே என்று எனக்கு என் மேலேயே கோபம்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. அக்கா பதிலுக்கு நிற்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

மண்டபத்தில் ஹர்ஷன் இந்த முறை பத்துக் கதிரைகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தான், யார் முதல் யார் கடைசி என்று கடவுளுக்கும் தெரியாதபடி. பாவம், பட்டுத் தெளிந்தான். அக்கா ஒன்றில் இருந்தாள். மிட்வைஃப் மிஸ் கையைத் துடைத்து ஊசியை ஏற்றினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு எங்கள் குடிப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு நாலு பேர். வண்ணக்கர் சந்தியில் நிற்கிறார், ஒருத்தரையும் மறிக்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னார்கள். மத்தியானத்துக்குள் பெண்கள் வந்து, அவர்கள் அண்ணன் தம்பிமாரைத் தள்ளிக்கொண்டு வந்து, வலது பக்கம் முழுக்க வந்துவிட்டது. மாமா மட்டும் வரவில்லை. அவர் வாயால் சொன்னவர் அல்லவா.

படியேறும் கட்டளை

ஒன்பதாம் மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதித்தால் அதேதான். நான் நின்ற அதே வார்ட்டுக்கு, அந்தப் பெண் கிடந்த கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி, அக்காவைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத வரவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவு சொல்கிறேன். இருமினாள், காய்ச்சலில் காய்ந்தாள். ஆனால் ஒட்சிசன் அளவு குறையவில்லை. காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த கிழமை பெண் பிள்ளை பிறந்தது. வாயை அகலத் திறந்து வார்ட் அதிரக் கத்தியது.

நான் மாமாவுக்கு ஃபோனில் சொன்னபோது மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள் மாமா புதுச் சால்வையோடு வந்தார். அக்கா உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

“ஊசி போடாத ஆக்கள் என்ட வீட்டுப் படி ஏற வேணாம்.”

அது அவளுடைய வீடு. குடி வண்ணக்கரும் அங்கே பெண்ணின் சொல்லுக்குக் கீழேதான். மாமா முற்றத்தில் நின்றார். பிள்ளை அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டு, இந்த ஊரில் வேண்டாம், டவுனில் எங்கேயாவது போட்டுவிடு என்று மெதுவாகச் சொன்னார்.

பாதை திரும்ப ஓடத் தொடங்கியிருந்த நேரம். நானும் அவரும் வாவியைக் கடந்து டவுனுக்குப் போனோம். ஊசி போடும் இடத்தில் வரிசை மதில் வளைந்து வீதிக்கு வந்திருந்தது. மாமா கடைசியில் போய் நின்றார். ஊரில் ஒருவருக்குப் பின்னால் நிற்க முடியாத மனிசன், முகம் தெரியாத இத்தனை பேருக்குப் பின்னால் வெயிலில் நிற்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இதைத்தானே மனிசா இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டேன்.

அந்த நேரம் பொறுப்பாக நின்ற பி.எச்.ஐ. பொடியன், அதாவது சுகாதாரப் பரிசோதகர், மாமாவின் நரையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். வயதானவர்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை, வாங்க ஐயா என்று கையைப் பிடித்து, எல்லோரையும் தாண்டி முன்னால் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினான். அடுத்த ஊசி மாமாவுக்குத்தான். வரிசையில் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மாமா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. பெரிய அவமானம் பட்டவர் போல இருந்தார்.

“எந்தக் குடியெண்டு கேக்காமலே முன்னுக்கு விட்டுட்டான் புள்ள,” என்றார். “அப்ப இதில என்ன மரியாதை கிடக்கு?”

நேர்ஸ் ஊசியை ஏற்றிவிட்டார். மாமா அதைக் கவனிக்கவேயில்லை, பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.